அம்மா, பதினைந்து நிமிடம்

மகனே,

இதைத் தமிழில் எழுதுகிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே. நீ மலையாளப் பள்ளியில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், எனக்குத் தெரியாததா? மெல்ல வாசி. தட்டுகிற இடத்தில் உன் பெண்டாட்டியைக் கேட்டுக்கொள். கோயம்புத்தூர்க்காரிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மலையாளத்தில் எழுத எனக்கும் வரும்தான். ஆனால் உன் அம்மா மட்டாஞ்சேரியில் பிறந்து நாலாம் கிளாஸ் வரை மலையாளம் படித்தவள். தமிழ் அவளுக்குப் பேச்சோடு சரி, எழுத்து ஓடாது. இந்தக் கடிதத்தை அவள் வாசித்துவிடக் கூடாது என்பதால்தான் தமிழ். வீட்டில் உட்கார்ந்தும் எழுதவில்லை. கொச்சங்காடியில் முதலாளியின் பாண்டிகசாலைக் கிடங்கில், சுக்கு மூட்டைகளுக்கு நடுவே என் பழைய மேசையில், சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். காகிதத்தில் சுக்கு வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்.

உன் ஆபீசில் புதுக் கம்ப்யூட்டர் கொடுத்துவிட்டார்கள், பழையதில் இருந்த குறிப்பு எழுதும் புரோகிராம் புதியதில் ஓடாது, எது வேண்டுமோ அவரவரே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள், நாலைந்தைப் போட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றும் சரிப்பட்டு வரவில்லை என்று போனில் சொன்னாய். நீ பேசிய கொஞ்ச நேரத்தில் முக்கால்வாசி இந்தக் கதைதான். நல்லது, கேட்கிறாயோ இல்லையோ, அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிரிக்காதே. பத்தாம் கிளாஸோடு நின்றவன் எனக்கு சாஃப்ட்வேர் சொல்லித் தருகிறானா என்று நினைக்கலாம். ஆனால் உனக்கு முன்னால், இதே மேசையில், நீயே கொண்டுவந்து வைத்த சங்கதியோடு குடும்பம் நடத்தியவன் நான்.

நினைவிருக்கிறதா? தொண்ணூறுகளின் கடைசியில் முதலாளி எங்கேயோ பார்த்துவிட்டு வந்து இந்த ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். அதைத் தொட ஆளில்லாமல் துணி போர்த்தி வைத்திருந்தோம். நீ அப்போது காலேஜில் முதல் வருஷம். சனிக்கிழமை தோறும் சைக்கிளில் வந்து, அந்தத் துணியை எடுத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சதுரத் தகட்டை எடுத்து உள்ளே தள்ளுவாய். முதலில் ஒன்று போட்டாய். அதில் மேசை, இழுப்பறை, பூச்சட்டி எல்லாம் படமாக வந்தது. அழகுதான். ஆனால் ஒரு வரி எழுதி வைக்க ஆறேழு இழுப்பறை திறக்க வேண்டியிருந்தது. அடுத்ததில் கலர் கலராகச் சீட்டு ஒட்டலாம். மிளகுக்குக் கறுப்பு, சுக்குக்கு மஞ்சள் என்று உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க ஒட்டினேன். மறுநாள் திறந்தால் திரை முழுக்கச் சீட்டு, எதற்கு எது என்று ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாவதாக நீ கொண்டுவந்ததுதான் மணியடிக்கிற புரோகிராம். நாளும் நேரமும் சொல்லி விஷயத்தை எழுதி வைத்தால், அந்த நேரத்தில் அது கூவும். வேலை முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் சின்னக் கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். அவ்வளவுதான். "அப்பா, இனி நீங்க ஒண்ணும் ஓர்மை வெச்சுக்க வேண்டாம் கேட்டோ, எல்லாம் இது பாத்துக்கும்" என்றாய். உன் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

எனக்கும் பிடித்துப்போயிற்று என்பதை மறைக்கவில்லை. மழைக்காலத்தில் காயல் பக்கத்துச் சுவர் ஓதம் காக்கும். அந்தச் சுவரை ஒட்டிய மூட்டைகளை அடிக்கடி இடம் மாற்றி அடுக்காவிட்டால் சுக்கில் பூஞ்சை ஏறிவிடும். எந்த அடுக்கை எப்போது புரட்ட வேண்டும், எதை வெயிலில் கொட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். பெட்டி அழுகிற குழந்தை மாதிரி கூவினால் போதும், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். "சாரே, கொச்சு கரையுது, பாலு கொடு!" என்று அவர்களில் மூத்த சேட்டன் கத்துவார். நானும் சளைக்காமல், "வர்றேன், வர்றேன், நீ மூட்டையத் தூக்கு" என்பேன். அந்தப் பெட்டியால் எனக்கு வேலை குறைந்தது, பொழுதும் போயிற்று.

பிறகு ஒரு கர்க்கடக மாச மழையில் இடி விழுந்து பெட்டி செத்துப்போனது. நீ அப்போது பரீட்சையில் இருந்தாய், உன்னைக் கூப்பிடவில்லை. புதுப் பெட்டி வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. நான் இந்தப் பாண்டிகசாலையின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எந்த அடுக்கு முதலில் வந்தது, எதைக் கடைசியாகப் புரட்டினோம், ஒன்றும் தலையில் இல்லை. அந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் இதையெல்லாம் எழுதாமலே வைத்திருந்தவன் நான். கண்ணை மூடினால் அடுக்கு அடுக்காகத் தெரியும். அது போய்விட்டது. ஒவ்வொரு மூட்டையாகக் கைவிட்டு முகர்ந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அதற்குள் ஒரு அடுக்கு கெட்டுவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன்னைத் திட்ட எனக்கு வாய் எழாமல் போனதற்கு இதுதான் காரணம். அது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுதி ஏற்றியதும் அது நம்மை விட்டுக் கழன்றுவிடுகிறது. கழன்றது நமக்கே தெரிவதில்லை.

அதனால் நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் இதைப் பார். உள்ளே போடுவது எல்லாவற்றிலும் சுலபமாகத்தான் இருக்கும். நாளைக்கு ஆபீஸ் இன்னொரு பெட்டியைக் கொடுத்தால், போட்டதையெல்லாம் வெறும் எழுத்தாக வெளியே எடுத்து வேறொன்றில் வைக்க முடிகிறதா என்று பார். முடியாது என்றால், அது எத்தனை அழகாக இருந்தாலும் விட்டுவிடு. கலருக்கும் படத்துக்கும் மயங்காதே. தேர்ந்தெடுப்பதிலேயே மாசக்கணக்கில் உட்கார்ந்துவிடாதே, அது ஒரு போதை. கடைக்குப் போய்ப் புடவை புரட்டுகிற மாதிரி புரட்டிக்கொண்டே இருக்கலாம். முக்கியமாக, பழையதில் என்னென்ன இருந்தது என்று நினைவுபடுத்தி, ஒவ்வொன்றையும் புதியதில் ஏற்று. ஒன்றை நீ ஏற்றவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஓணத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை. உன் பெண்டாட்டி பக்கத்து வீட்டுச் சேச்சியோடு கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நீ உள் அறைக் கட்டிலில் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு அது மெல்ல ஒரு மணியடித்தது. நீ பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கையால் செல்போனை எடுத்து நம்பரை அழுத்திக் காதில் வைத்தாய். முன்னறையில் நம் வீட்டு போன் அடித்தது. அடுக்களையிலிருந்து உன் அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள். "மோன்தான்! மோன்தான்! மணி பதினொண்ணு ஆச்சில்லே!" நீ வீட்டுக்குள் இருக்கிறாய் என்பது அவளுக்கும் மறந்துபோய்விட்டது, பார்த்தாயா? ரிசீவரை எடுத்து, "மோனே, சாப்பிட்டியா?" என்றாள். நீ இங்கே கட்டிலில் உட்கார்ந்து, "ம், சாப்பிட்டேம்மா" என்றாய். அப்புறம்தான் இரண்டு பேரும் தலையைத் திருப்பி, கதவு வழியாக ஒருவரை ஒருவர் பார்த்தீர்கள்.

அய்யோ, அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு! சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நீயும் சிரித்தாய். வேண்டுமென்றே குறும்பு செய்ததாக அவள் நினைத்தாள், நீயும் ஆமாம் என்கிற மாதிரி இருந்துவிட்டாய். ரேஷன் கடையிலிருந்து மீன்காரி வரை எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தாள். "என் மகன் வீட்டுக்குள்ளே இருந்தாலும் ஞாயித்துக்கிழமை பதினொண்ணு மணின்னா எனக்கு போன் பண்ணாம இருக்க மாட்டான், அறியாமோ" என்று பெருமை. நானும் சிரித்தேன். ஆனால் நான் திரையைப் பார்த்திருந்தேன். அதில் இங்கிலீஷில், மேலே ஏதோ ஆபீஸ் ரிப்போர்ட், கீழே வண்டிக்குக் காற்று அடிக்க வேண்டும், நடுவில் "அம்மா, பதினைந்து நிமிடம்" என்றிருந்தது. நீ சிரித்துக்கொண்டே வந்து அதன் கட்டத்தில் ஒரு டிக் போட்டாய்.

எனக்கு அப்போது உன் மேல் கோபம் வந்தது. சும்மா சொல்லவில்லை, கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். மணியடித்தாவது கூப்பிடுகிறாயே, அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவளோடு ஒழுங்காகப் பேசுகிறாயே, முட்டுவலியைக் கேட்கிறாயே, அதில் பொய்யில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளிடம் மூச்சு விடவில்லை. என் பெயர் அதில் இல்லை என்பதும் கொஞ்சம் உறுத்தியது, அது கிடக்கட்டும்.

இப்போது ஓணம் போய் விஷுவும் நெருங்குகிறது. உன் பெட்டி மாறியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் இல்லை. உனக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை, எனக்குப் புரிகிறது. கூவ ஒன்றுமில்லை, அதனால் கூப்பிட ஒன்றுமில்லை. ஆனால் உன் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று உனக்குத் தெரியாது. விடிவதற்கு முன்னால் எழுந்து, குழம்பும் கறியும் பத்து மணிக்குள் முடித்து, முகம் கழுவி, வேறு புடவை உடுத்தி, போன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கலூரில் உன் சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. "பதினொண்ணரைக்கு மேல பஸ் பிடிக்கலாம், அவன் பேசி முடிக்கட்டும்" என்றாள். அன்றைக்கும் நீ கூப்பிடவில்லை. பதினொன்றரை ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் போகவே இல்லை. உன் சித்தி இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

முதலில் போன் ரிப்பேர் என்றாள். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அப்புறம் உனக்கு உடம்பு சரியில்லை என்றாள். அப்போதுதான் நான் ஆபீசிலிருந்து உனக்கு போன் போட்டேன். புரோகிராம் கதையெல்லாம் சொன்னாய். "ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூப்பிடுடா" என்றேன். "ஓ, சரிப்பா, கண்டிப்பா" என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடவில்லை. நீ எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டாய். நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நான் வீட்டில் சொல்லித் தொலைத்தேன், அது இன்னும் வினையாயிற்று. "சுகமா இருக்கான்னா, பின்னே எந்தா? கோவம்தான். நான் அன்னிக்கு அவளப் பத்திச் சொன்னேனில்லே, அதான்" என்றாள். கடைசியாக நீ கூப்பிட்டபோது, மருமகளுக்கு என்னோடு பேச நேரமே இல்லையா என்று ஏதோ கேட்டாளாம். உனக்கு அது ஞாபகமாவது இருக்கிறதா? எனக்குத் தெரியும், இருக்காது. அவள் அதையே அரைத்துக்கொண்டிருக்கிறாள்.

கோபமெல்லாம் இல்லை, அவன் பெட்டி மாறிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், "பெட்டிக்கும் எனக்கும் என்ன?" என்று கேட்பாள். அதற்கு மேல் நான் என்ன சொல்வது? உன் மகன் உன்னை நினைத்துக் கூப்பிடவில்லை, மணியடித்ததால் கூப்பிட்டான் என்றா? ஓணத்துக்குச் சிரித்த சிரிப்பை நானே போய்ப் பிடுங்கவா? மகன் கோபமாக இருக்கிறான் என்று நினைத்து அழுகிறவளை விட, மகன் நினைக்கவே இல்லை என்று தெரிந்து சும்மா உட்கார்ந்திருக்கிறவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பக்கம் திரும்பினால் அது, அந்தப் பக்கம் திரும்பினால் இது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை, மகனே.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல் சாயா குடிக்கப் போகிறேன் என்று வெளியே வந்தேன். முக்கில் அந்த டெலிபோன் பூத் இருக்கிறதே, அதைக் கடக்கும்போது, உண்மையிலேயே வீட்டு போன் அடிக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று ஒரு புத்தி தோன்றியது. உள்ளே போய் நம்பரைப் போட்டேன். ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை. "மோனே!" என்றாள். அந்தக் குரலை நான் என்னவென்று எழுதுவேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு என்னை அவள் அப்படி ஒரு தடவை கூப்பிட்டதில்லை. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் "மோனே, கேக்குதா? நான்தான், அம்மா" என்றாள். போனை வைத்துவிட்டேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்து வைக்கவில்லை. கை வைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். "கூப்பிட்டான். என் சத்தத்தைக் கேட்டதும் வெச்சுட்டான்" என்றாள். லைன் கட்டாகியிருக்கும் என்றேன். "இல்லே. மூச்சு கேட்டது. வெச்சுட்டான்" என்றாள். அது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை. சொன்னால் நீ கூப்பிடவில்லை என்றாகும், சொல்லாவிட்டால் நீ முகத்திலடித்த மாதிரி வைத்தாய் என்றாகும். இரண்டில் எது அவளுக்குக் குறைவாக வலிக்கும் என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு வைத்த மீன் குழம்பை இரண்டு பேரும் தொடவில்லை.

இன்று காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது அவளே சொன்னாள். "ஏங்க, அவனுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. அம்மா சொன்னது தப்புதான், மருமககிட்டயும் மாப்புக் கேக்கறேன்னு எழுதுங்க. இனிமே நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், சும்மா சத்தம் கேட்டாப் போதும்னு எழுதுங்க. சாயங்காலம் எனக்கு ஒருக்க வாசிச்சுக் காட்டிட்டு, நாளைக்குத் தபால்ல போடுங்க" என்றாள். அவள் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. செய்யாத தப்புக்கு அவள் பெயரில் மன்னிப்பு எழுத என் கை வராது. ஆனால் சாயங்காலம் இந்தக் காகிதங்களைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னதெல்லாம் இதில் இருக்கிற மாதிரி, வரி வரியாகப் பார்த்து வாசித்துக் காட்டுவேன். அவள் கேட்டுக்கொண்டு மூக்கைத் துடைத்துக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு நான் எதையும் இப்படி வாசித்ததில்லை.

உனக்கு மறுபடி போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் "ஓ, சரிப்பா" என்பாய், அடுத்த நிமிடம் காற்றோடு போய்விடும். காகிதம் என்றால் மேசையில் கிடக்கும், ஒரு நாளாவது கண்ணில் படும். தானாக நினைத்துக் கூப்பிடு என்று உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அதற்காகக் காத்திருக்க அவளுக்குத் தெம்பில்லை, எனக்கும் இல்லை. கேட்கவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். எந்தப் புரோகிராம் வேண்டுமானாலும் போட்டுக்கொள். அது திறந்ததும், ஆபீஸ் வேலை ஒன்றையும் ஏற்றுவதற்கு முன்னால், அவளை ஏற்று. ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி. வாரா வாரம் அடிக்கிற மாதிரி வை. அவளுக்குத் தெரிய வேண்டாம், எனக்குத் தெரிந்தது என்னோடு போகட்டும்.

முதல் தடவை நீ கூப்பிடும்போது அவள் அழுவாள், மாப்புக் கேட்பாள். கடிதம் கிடைத்ததா என்பாள். கிடைத்தது, எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று சொல். அப்புறம், அந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டது நீதானே என்று கேட்பாள். ஆமாம், நான்தான், லைன் கட்டாகிவிட்டது என்று சொல். அதையும் அதில் எழுதி வைத்துக்கொள். மறந்துவிடுவாய்.

அப்பா